‘சி’ சர்டிபிகேட் வாங்கினால் பைலட் ஆகிவிடலாமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் என்.சி.சி. ஏர் விங் இருக்கிறது, அதில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பைலட் ஆக வேண்டுமாம். அவள் அப்பாவோ, “வெயில்ல லெஃப்ட் ரைட் போட்டா பைலட் ஆயிடுவாளா, படிப்புதான் கெடும்” என்கிறார். அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள், எத்தனை வருஷம், இந்த ஏ, பி, சி சர்டிபிகேட் எல்லாம் என்ன? ‘சி’ இருந்தால் பரீட்சையே எழுதாமல் ஏர்ஃபோர்ஸில் பைலட் ஆகலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான், உண்மையா? கேம்புக்குப் பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? பிற்பாடு கட்டாயம் ராணுவத்தில் சேர வேண்டி வருமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்)

பதில்: பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால்தான் வருஷா வருஷம் நிறைய பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விமானப்படையில் ஃப்ளையிங் பிரிவுக்கு ஆள் எடுக்கும் வழிகளில் என்.சி.சி. ஸ்பெஷல் எண்ட்ரி ஒன்று. ஏஃப்கேட் என்கிற விமானப்படைப் பொதுத் தேர்வு வழியாக எடுக்கும் ஷார்ட் சர்வீஸ் (குறிப்பிட்ட வருஷங்களுக்கு மட்டுமான பணி) ஃப்ளையிங் இடங்களில் 10 சதவீதம் இதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆண் பெண் இருவருக்கும் உண்டு. இந்த வழியில் வருபவர்களுக்கு ஏஃப்கேட் எழுத்துத் தேர்வு கிடையாது, அதுவரை பையன் சொன்னது சரி. ஆனால் எழுத்துத் தேர்வுக்கு அடுத்தபடியாக இருக்கிற ஏ.எஃப்.எஸ்.பி. என்கிற தேர்வு வாரியம் அப்படியே இருக்கிறது, சர்டிபிகேட் இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே மாதிரி. மைசூரு, டேராடூன், காந்திநகர், வாரணாசி ஆகிய ஊர்களில் வாரியங்கள் இருக்கின்றன. சுமார் ஐந்து நாள் நடக்கும். முதல் நாளே ஒரு வடிகட்டல் உண்டு, அதில் தேறாதவர்கள் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். தேறினவர்களுக்கு மனோதத்துவத் தேர்வுகள், மைதானத்தில் குழு வேலைகள், நேர்காணல். அதையும் தாண்டினால் பைலட்டுக்கான கம்ப்யூட்டர் தேர்வு ஒன்று இருக்கிறது, சி.பி.எஸ்.எஸ். என்பார்கள், அதை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். பிறகு மருத்துவப் பரிசோதனை. ஆக, சர்டிபிகேட் ஒரு கதவைத் திறந்துவிடும், உள்ளே நடக்க வேண்டியது பிள்ளைதான்.

இன்னொரு விஷயம், இதுதான் ரொம்ப முக்கியம். அந்த ‘சி’ சர்டிபிகேட் ஏர் விங் சீனியர் டிவிஷன் (கல்லூரிக் கட்டம்) சர்டிபிகேட்டாக இருக்க வேண்டும். நான் விமானப்படையில் இருந்தபோது சில வருஷம் என்.சி.சி.யின் ஓர் ஏர் ஸ்குவாட்ரனில் (ஏர் விங் பிரிவில்) பயிற்சி ஊழியனாக இருந்தேன், பி.ஐ. ஸ்டாஃப் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்போது ஒரு பையன் வந்தான். பள்ளியில் ஏர் விங், கல்லூரியில் ஏர் விங் இல்லை என்று ஆர்மி விங்கில் சேர்ந்து மூன்று வருஷம் உயிரைக் கொடுத்து உழைத்து ‘சி’ வாங்கி, அதைப் பெருமையாகக் காட்டி “சார், ஃப்ளையிங்குக்கு எப்படி அப்ளை பண்றது” என்று கேட்டான். தரைப்படையில் அதற்குத் தனி வழி இருக்கிறது, நல்ல வழிதான், ஆனால் அவனுக்கு வேண்டியது அது இல்லையே. சேரும்போதே ஒருத்தர் சொல்லியிருந்தால் வேறு கல்லூரி பார்த்திருப்பான்.

சரி, இப்போது வரிசையாக வருகிறேன்.

பள்ளியில் இருப்பது ஜூனியர் டிவிஷன், பெண் பிள்ளைகளுக்கு ஜூனியர் விங் என்று பெயர். இரண்டு வருஷப் பயிற்சி. அதன் முடிவில் எழுதுவது ‘ஏ’ சர்டிபிகேட் தேர்வு. அதற்கு வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும், ஒரு கேம்பும் முடித்திருக்க வேண்டும். உங்கள் மகள் எட்டில் இருக்கிறாள் என்பது நல்ல விஷயம், இந்த வருஷமே சேர்ந்தால் ஒன்பதாம் வகுப்போடு ‘ஏ’ முடிந்துவிடும். ஒன்பதில் சேருகிற பிள்ளைகளுக்குத்தான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் இந்தத் தேர்வும் வந்து மண்டையை உடைக்கும். படிப்பு கெடும் என்று அவள் அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த ஓர் இடத்தில்தான், அதையும் நீங்கள் இப்போதே தவிர்த்துவிடலாம்.

பதினொன்று, பன்னிரண்டில் பெரும்பாலான பள்ளிகளில் பரேடு இருக்காது. இந்த இரண்டு வருஷ இடைவெளியில்தான் பைலட் ஆசைக்கு உண்மையான ஆபத்து வருகிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கல்லூரியில் சீனியர் டிவிஷன், பெண்களுக்கு சீனியர் விங். இங்கே மூன்று வருஷம். இரண்டாம் வருஷத்தில் ‘பி’, மூன்றாம் வருஷத்தில் ‘சி’. ‘பி’ இல்லாமல் ‘சி’ எழுத முடியாது. ஆனால் ‘ஏ’ இல்லாவிட்டாலும் ‘பி’ எழுதலாம், பலருக்கு இது தெரியாது. பள்ளியில் வாய்ப்பே கிடைக்காத பிள்ளை கல்லூரியில் புதிதாகச் சேர்ந்து ‘சி’ வரை போக முடியும், ‘ஏ’ இருந்தால் ‘பி’யில் கூடுதல் மதிப்பெண் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். ‘சி’க்கு இரண்டு கேம்ப் கணக்கு காட்ட வேண்டும். இதற்கெல்லாம் கட்டணம் எதுவும் கிடையாது.

இனி பாடங்கள். ஏர் விங் பாடத்திட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று ஆர்மி, நேவி, ஏர் என்கிற மூன்று விங்குக்கும் பொதுவானது: டிரில், துப்பாக்கி, தலைமைப் பண்பு, பேரிடர் மேலாண்மை, சமூக சேவை, சுகாதாரம், தேச ஒற்றுமை என்று போகும். உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற லெஃப்ட் ரைட் இதில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே லெஃப்ட் ரைட்டைவிட அதிகம் கேட்பது “சாவ்தான்”, “விஷ்ராம்”, “தேஸ் சல்”, “தம்” என்கிற இந்தி கமாண்டுகள்தான். முதல் மாதம் “தாஹினே முட்” என்றதும் பாதி வரிசை வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் திரும்பி, மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம், பாயிண்ட் 22 ரைஃபிள், குப்புறப் படுத்துச் சுடுவது, பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாமல் தோட்டாவைத் தொடவே விடமாட்டார்கள். குறி நடுவில் படுவதைவிட ஐந்து தோட்டாவும் ஒரே இடத்தில் நெருங்கி விழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள், குரூப்பிங் என்று பெயர். மூச்சை அடக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது வரும், அவசரக்காரப் பிள்ளைக்கு வராது.

இரண்டாவது பகுதிதான் ஏர் விங்குக்கே உரியது. விமானம் எப்படிப் பறக்கிறது, அதன் உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எஞ்சின், கருவிகள், வழியறிதல், வானிலை, ஏர்மேன்ஷிப் என்கிற விமானத்தள நடைமுறைகள், அப்புறம் ஏரோமாடலிங். பள்ளிக் கட்டத்தில் இவற்றின் ஓரத்தைத்தான் தொடுவார்கள், கல்லூரியில் ஆழமாகப் போவார்கள்.

கேட்கப் பெரிதாக இருந்தாலும் இதில் பாதி அவள் பள்ளி இயற்பியல்தான். எஞ்சின் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: உறிஞ்சு, அழுத்து, எரி, வெளியேற்று என்று நான்கு வீச்சு. வீட்டு வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளிலும் அதேதான். என்.சி.சி. பறப்புப் பயிற்சியில் இருக்கிற வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்கிற குட்டி மைக்ரோலைட் விமானத்தின் ரோட்டாக்ஸ் எஞ்சினும் அதே நான்கு வீச்சு, 80 குதிரைத்திறன். ஆனால் அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் ப்ளக் இருக்கும். ஏன் இரண்டு? பைக்கில் ப்ளக் போனால் ஓரமாக நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகலாம், மேலே ஓரம் ஏது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் பதில் கண்டுபிடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். அதற்கப்புறம் அந்த வகுப்பு தானாக நடக்கும்.

கருவிகள் பாடமும் அப்படித்தான். உயரம் காட்டுகிற ஆல்டிமீட்டர் உண்மையில் உயரத்தை அளப்பதே இல்லை, காற்றழுத்தத்தை அளந்து அதை அடிக்கணக்காக மாற்றிச் சொல்கிறது. தரைக்குப் பக்கத்தில் சுமார் 30 அடி ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறையும். அப்படியானால் மழை வரப்போகிற நாளில் அழுத்தம் இறங்கினால் தரையில் நிற்கிற விமானம் மேலே ஏறிவிட்டதாகக் கருவி சொல்லுமா? சொல்லும். அதனால்தான் புறப்படும் முன்னும் இறங்கும் முன்னும் அந்தந்த நேரத்து அழுத்தத்தை டவரில் கேட்டுக் கருவியில் வைத்துக்கொள்கிறார்கள். வானிலைப் பாடமும் கருவிப் பாடமும் இங்கே கைகோத்துக்கொள்ளும், தனித்தனியாக மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இது தெரியாமலே போய்விடும்.

ஓடுபாதை எண் இன்னொன்று. சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறு முனையில் 25 என்று எண். திசைகாட்டியில் ஏறத்தாழ 70 டிகிரி, எதிர்ப்பக்கம் 250 டிகிரி, கடைசி சைபரை எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எப்போதும் 18. உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள், அடுத்த தடவை எந்த ஏர்போர்ட் படத்தைப் பார்த்தாலும் எண்ணைத்தான் தேடுவாள்.

ஒரு முணுமுணுப்பு மட்டும் சொல்லிவிடுகிறேன். விமானம் ஏன் பறக்கிறது என்பதற்குப் பல நோட்டுகளில் இன்னமும் ஒரு பழைய விளக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது: இறக்கைக்கு மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகிற காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதால் வேகமாக ஓடுகிறது என்று. அப்படிச் சேர வேண்டும் என்று காற்றுக்கு யாரும் உத்தரவு போடவில்லை, உண்மையில் மேலே போகிற காற்று முன்னதாகவே போய்விடுகிறது. மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பது சரி; இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, அதன் எதிர்வினை மேலே தூக்குகிறது என்பதும் சரி. காரணமாகச் சொல்கிற அந்த “ஒரே நேரத்தில் சேர வேண்டும்” மட்டும்தான் தப்பு. வாரிய நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பறந்த மனிதராக இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

பாடங்களில் எனக்குப் பிடித்தது ஏரோமாடலிங். பால்சா கட்டையை பிளேடால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, சக் கிளைடர் செய்து கையால் வீசுவதில் ஆரம்பிக்கும். முதல் வீச்சில் எல்லோருடையதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய், ஒரு நொடி அந்தரத்தில் நின்று, அப்படியே சரிந்து விழும். உடனே இன்னும் பலமாக வீசுவார்கள், இன்னும் உயரத்தில் நின்று இன்னும் பலமாக விழும். மூக்கில் ஒரு பட்டாணி அளவு களிமண் ஒட்டிப் பார் என்று சொன்னால், அடுத்த வீச்சில் மைதானத்தின் மறுகோடி வரை நேராகப் போகும். எடை மையம், ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழந்து சரிவது) என்று கரும்பலகையில் ஒரு மணி நேரம் கத்தியது அந்தக் களிமண்ணில் இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிடும். கல்லூரியில் கண்ட்ரோல் லைன் மாடல் வரும், கைப்பிடியில் இரண்டு கம்பி, மறுமுனையில் எஞ்சின் வைத்த விமானம், நம்மைச் சுற்றி வட்டமடிக்கும், நாமும் கூடவே சுழல வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் விமானம் விழுவதற்கு முன்னால் விடுகிறவருக்குத் தலை சுற்றிவிடும். பிறகு ரேடியோவில் இயக்குவது.

நிஜமாகப் பறக்க விடுவார்களா என்று கண்டிப்பாகக் கேட்பாள். மைக்ரோலைட்டில் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப்போவார். ஆனால் எல்லா ஸ்குவாட்ரனிலும் எல்லா நாளும் விமானம் தயாராக நிற்காது, வானிலையும் அனுமதிக்க வேண்டும், எல்லாக் கேடட்டுக்கும் ஒரே அளவு வாய்ப்பு கிடைப்பதும் இல்லை. சேர்ந்த மறு மாதம் பறப்பாள் என்று எதிர்பார்க்க வைக்காதீர்கள், மூன்று வருஷத்தில் கிடைக்கிற சில சார்ட்டியே, அதாவது சில தடவை பறப்பதே, பெரிய விஷயம்.

கேம்ப் பற்றிக் கேட்டீர்கள். வருடாந்திரப் பயிற்சி முகாம் சுமார் 10 நாள். பெண் பிள்ளைகளுக்குத் தனித் தங்குமிடம், கூடவே பெண் என்.சி.சி. அலுவலர்களும் ஜி.சி.ஐ. எனப்படும் பெண் பயிற்றுநர்களும் இருப்பார்கள். எங்கே தங்குகிறார்கள், கூட வரும் ஆசிரியை யார், அவர் போன் நம்பர் என்ன என்பதைத் தயங்காமல் பள்ளியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. விடிவதற்குள் எழுப்பிவிடுவார்கள், தட்டும் டம்ளரும் கையில் பிடித்து வரிசையில் நிற்க வேண்டும், தன் துணியைத் தானே துவைக்க வேண்டும். இரண்டாம் நாள் போன் செய்து அழுவாள், பத்தாம் நாள் திரும்பி வர மனசில்லாமல் அழுவாள். இரண்டாம் நாளே போய்க் கூட்டி வந்துவிடாதீர்கள்.

கல்லூரிக் கட்டத்தில் வாயு சைனிக் கேம்ப், ஜனவரியில் டெல்லியில் குடியரசு தின முகாம் என்று பெரிய முகாம்கள் உண்டு. அவற்றுக்குப் படிப்படியாகத் தேர்வு நடக்கும், மாதக்கணக்கில் வகுப்பைத் தின்னும். போகிற பிள்ளை செமஸ்டர் கணக்கைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், நானே இரண்டு பேரை வேண்டாம் என்று தடுத்திருக்கிறேன். ராணுவத்தில் கட்டாயம் சேர வேண்டி வருமா என்ற கேள்விக்கு ஒரே வரி: இல்லை, 1948-ஆம் வருஷத்து என்.சி.சி. சட்டத்திலேயே கேடட்டுக்குப் படைச் சேவைக் கடமை கிடையாது.

இப்போது அந்த இடைவெளிக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் குரூப் எடுக்கும்போது கணக்கும் இயற்பியலும் இரண்டும் இருக்கிற குரூப்பாக இருக்க வேண்டும். ஃப்ளையிங் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இந்த இரண்டிலும் தலா 50 சதவீதம் கேட்கிறார்கள், பட்டப்படிப்பில் 60 சதவீதம். பட்டம் எதுவாகவும் இருக்கலாம், பி.காம். படித்தவர்கூட விண்ணப்பிக்கலாம், ஆனால் பன்னிரண்டில் கணக்கும் இயற்பியலும் இல்லையென்றால் அதற்கு மேல் எத்தனை சர்டிபிகேட் வைத்திருந்தாலும் கதை முடிந்தது. பியூர் சயின்ஸ் எடுத்தால் டாக்டருக்கும் ஆச்சு பைலட்டுக்கும் ஆச்சு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதில் கணக்கு இல்லை. காமர்ஸும் அப்படியே.

பன்னிரண்டு முடிக்கும்போதே என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வும் எழுதட்டும். 2022 முதல் அங்கே பெண்களும் சேர்கிறார்கள், அதற்கு என்.சி.சி. தேவையே இல்லை. கிடைத்தால் கல்லூரி வழியைவிட முன்னதாகவே உள்ளே போய்விடுவாள். கிடைக்காவிட்டால் கல்லூரி தேடும்போது முதல் கேள்வி “பெண்களுக்கு ஏர் விங் இருக்கிறதா” என்பதாக இருக்கட்டும். இருக்கிறது என்று சேர்க்கை மேசையில் சொல்வதை நம்பாமல், அங்கே படிக்கிற ஒரு கேடட்டைக் கண்ணால் பார்த்துக் கேளுங்கள். முதல் வருஷமே சேர்ந்துவிட வேண்டும். ‘சி’ வாங்கியதும் தள்ளிப்போடவும் கூடாது, எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சர்டிபிகேட் செல்லும் என்று அறிவிப்பில் போட்டிருப்பார்கள், வயது வரம்பும் 20 முதல் 24 வரைதான்.

அப்புறம் கண். இந்த வாரமே ஒரு நல்ல கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணாடி போட்டால் என்.சி.சி.யில் சேர முடியாது என்று அர்த்தம் இல்லை, ஆனால் பைலட்டுக்கான பார்வைத் தகுதி கடுமையானது, கிட்டப்பார்வை ஆரம்பிக்கிறது என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உயரமும் 162.5 சென்டிமீட்டர் வேண்டும். அவளுக்கு இன்னும் வளர வயசு இருக்கிறது, இப்போதைக்கு அளந்துபார்த்துக் கவலைப்படாதீர்கள். ஒருவேளை பைலட் ஆக முடியாது என்று தெரிந்தாலும் டெக்னிக்கல், கிரவுண்ட் டியூட்டி என்று விமானப்படையில் வேறு பிரிவுகள் இருக்கின்றன. நான் வாழ்நாள் முழுக்கத் தரையில் நின்று மற்றவர்களின் விமானத்தைப் பார்த்துக்கொண்டவன்தான், குறைபட்டதில்லை.

அவள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2016-இல் மூன்று பெண்கள் விமானப்படையின் போர் விமானப் பிரிவில் முதன்முதலாகச் சேர்ந்தார்கள், இன்று அது செய்தியே இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது. வெயிலைப் பற்றி அவர் சொல்வது மட்டும் முழு உண்மை, கறுத்துத்தான் போவாள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் ஏர் விங் பொறுப்பாசிரியரைப் பாருங்கள், இடங்கள் குறைவு, சேர்க்கை நாள் தவறினால் ஒரு வருஷம் போய்விடும், அப்புறம் நான் மேலே சொன்ன பத்தாம் வகுப்புத் தலைவலிதான். தேர்வு அன்றைக்குக் கொஞ்சம் ஓடச் சொல்வார்கள், அதனால் இன்றிலிருந்தே தெருவில் ஓடட்டும். சேர்ந்து பூட்ஸ் கையில் வந்ததும் முதல் பரேடுக்கு நேராகப் போட்டுக்கொண்டு போகவேண்டாம், இரண்டு நாள் தடித்த சாக்ஸோடு வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கச் சொல்லுங்கள். புது பூட்ஸ் குதிகாலைக் கடித்துக் கொப்புளம் வந்து, இரண்டாவது வாரமே லீவு லெட்டர் கொண்டுவந்த கேடட்டுகளை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.